தேங்காய் சுட்டால்தான் சேலத்தில் ஆடி

இந்து சமயத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாராவது கேட்டால் வேதம், உபநிடதம், கீதை, புராணம் என்று ஒரு பட்டியலை நீட்டுவது வழக்கம். பட்டியலில் தப்பில்லை. ஆனால் அதில் ஒரு நூலைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் வருஷம் தவறாமல் எல்லாம் செய்கிற வீடுகள்தான் சேலத்து அம்மாபேட்டையிலும் குகையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. இந்தச் சமயத்தில் முதலில் கை வேலை செய்யும். ஏன் என்று கேட்டால் ஒரு கதை வரும். கதைக்கு மேலும் துருவினால்தான் கர்மம், பிறவி, வீடுபேறு என்று தத்துவம் எட்டிப் பார்க்கும். நானும் அந்த வரிசையிலேயே போகிறேன். அதற்குச் சேலத்து ஆடியைவிட வசதியான மாதம் இல்லை.

ஆடி 1, ஜூலை 16 அல்லது 17. சூரியன் கடக ராசிக்குள் போகும் நாள். தட்சிணாயனம் பிறக்கிறது, தேவர்களுக்கு இரவு தொடங்குகிறது என்பது சாஸ்திரக் கணக்கு. சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர்ப் பக்கம் அன்றைக்குத் தேங்காய் சுடும் பண்டிகை. சென்னையிலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டதும் விழிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

தேங்காய் முற்றியதாக இருக்கவேண்டும், ஆட்டிப் பார்த்தால் தண்ணீர் சத்தமும் கேட்கவேண்டும். தண்ணீர் வற்றிய காய் உள்ளே வேகாது, கருகும். குடுமி, நார் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சொரசொரப்பான சிமென்ட் தரையிலோ கல்லிலோ ஓடு வழவழப்பாகும்வரை தேய்க்கவேண்டும். வாண்டுகளுக்கு ஒதுக்கிய வேலை இது. அரை மணி நேரம் தேய்த்துவிட்டு, பாதி நார் இருக்கும்போதே "ஆச்சு" என்று கொண்டுவந்து கொடுப்பார்கள். வாங்கிவிடாதீர்கள். மிச்சமிருக்கும் நார் குபீரென்று பற்றிக்கொண்டால் ஓடு ஒரு பக்கம் மட்டும் சூடேறி முன்கூட்டியே விரிசல் விடும், உள்ளே ஊற்றிய தண்ணீர் அத்தனையும் நெருப்பில் போகும்.

தேங்காய்க்கு மூன்று கண். அதில் ஒன்றுதான் மெத்தென்று இருக்கும். கம்பியால் அதைக் குத்தி, பென்சில் நுழைகிற அளவுக்குப் பெரிதாக்கி, தண்ணீரை ஒரு டம்ளரில் வடித்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போடுவதற்கு வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு உண்டு. நடுத்தரக் காய் ஒன்றுக்கு ஊறவைத்த பச்சரிசி ஒரு மேசைக்கரண்டி, ஊறவைத்த பாசிப்பருப்பு ஒன்று, பொட்டுக்கடலை ஒன்று, அவல் இரண்டு, எள் ஒரு தேக்கரண்டி, பொடித்த வெல்லமோ நாட்டுச்சர்க்கரையோ மூன்று மேசைக்கரண்டி, ஒரு ஏலக்காய். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளவேண்டும். முக்கால் பாகத்தோடு நிறுத்திவிடுங்கள். அரிசியும் பருப்பும் அவலும் வேகும்போது உப்பும், ஆவிக்கும் இடம் வேண்டும். ஆசைப்பட்டு வாய்வரை அடைத்த காய்தான் பட்டென்று வெடித்துத் தெருவெல்லாம் வெல்லப்பாகாக்கும். வடித்த தண்ணீரில் பாதியைத் திரும்ப ஊற்றினால் போதும்.

அடுத்தது குச்சி. அழிஞ்சில் குச்சிதான் வழக்கம். ஆடிக்கு முந்தின நாட்களில் கடைவீதியில் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். கட்டைவிரல் தடிமன், மூன்றரை நான்கடி நீளம், பச்சையாக இருக்கவேண்டும். காய்ந்த குச்சி பாதியில் எரிந்து, காய் நெருப்பில் விழும். ஒரு முனையைக் கூராகச் சீவி, பட்டையை உரித்து, தேங்காய்க்கும் குச்சிக்கும் மஞ்சள் பூசி, அந்தக் கண்ணில் செருகி மெதுவாகத் தட்டி இறுக்கவேண்டும். ஓங்கித் தட்டினால் கண்ணைச் சுற்றி ஓடு தெறிக்கும்.

தெருவில் நான்கைந்து வீட்டுக்குப் பொதுவாக ஒரு நெருப்பு. காய்ந்த தென்னை ஓலை, மட்டை, விறகு. ஓலை எரிகிற எடுப்பில் காயை நுழைத்தால் வெளியே கரி, உள்ளே பச்சை. முதல் பத்து நிமிஷம் தணலுக்கு ஒரு சாண் மேலே பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்து, பிறகுதான் இறக்கவேண்டும். குச்சி ஓரத்தில் நுரை கட்டும், அப்புறம் உஸ்ஸென்று ஆவி சீறும், ஓடு கருத்துக் கடைசியில் மெல்லிசாய் ஒரு விரிசல் ஓடும். அதுதான் பதம். மொத்தம் அரை மணியிலிருந்து முக்கால் மணி. பட்டுப்பாவாடை, நைலான் துப்பட்டாவோடு பெண்பிள்ளைகளை நெருப்புக்குப் பக்கத்தில் விடாதீர்கள். நனைத்த சாக்கு ஒன்றும் ஒரு குடம் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கட்டும். தார் ரோட்டின்மேல் நேராக மூட்டினால் தார் உருகும், அடியில் மண்ணோ செங்கல்லோ பரப்பிக்கொள்ளுங்கள்.

சுட்ட காயைக் குச்சியோடு பிள்ளையார் கோயிலுக்கோ வீட்டுச் சாமி படத்துக்கோ கொண்டுபோய், உடைத்துப் படைத்து, சூடம் காட்டியபிறகு பங்கு போடுவார்கள். புகை வாசம் ஏறிய தேங்காயும் வெந்த வெல்லமும் சேர்ந்த ருசியை வேறெந்தப் பண்டத்திலும் பார்க்க முடியாது. தலை ஆடிக்கு மாமியார் வீட்டுக்கு வந்திருக்கும் புது மாப்பிள்ளை கையிலும் ஒரு குச்சி கொடுத்துவிடுவது வழக்கம்.

ஏன் சுடுகிறோம்? பாரதப் போர் ஆடி 1 தொடங்கி ஆடி 18-ல் முடிந்தது, தருமம் ஜெயிக்கவேண்டும் என்று முதல் நாள் பிள்ளையாருக்குத் தேங்காய் சுட்டு வேண்டிக்கொண்டார்கள் என்பது ஊர்க்கதை. வியாச பாரதத்தை எடுத்துப் பார்த்தால் கணக்கு ஒத்துவராது. கிருஷ்ணன் தூது கிளம்புவதே கார்த்திகையில். அம்புப் படுக்கையில் கிடந்த பீஷ்மர் உத்தராயணம் பிறக்கக் காத்திருக்கிறார், அப்படியென்றால் போர் மார்கழியை ஒட்டித்தான் நடந்திருக்கவேண்டும். இதைச் சொன்னால் யாரும் குச்சியைக் கீழே போடப் போவதில்லை. கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள், "அப்படியா" என்று கேட்டுக்கொண்டே காயைத் திருப்புவார்கள். கதை பொய்த்தால் சடங்கு விழும் என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சமயம் கடைசிவரை பிடிபடாது. மூலநூல் ஒரு பக்கம் சொல்லும், ஊர் இன்னொரு பக்கம் சொல்லும், இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்வார்கள்.

அதே மாதிரி இன்னொன்று, ஆடி அமாவாசை. செத்தவர் வினைக்கேற்ப மறுபிறவி எடுக்கிறார் என்பது ஒரு நம்பிக்கை. பிதுர்லோகத்தில் இருந்து நம் எள்ளுக்கும் தண்ணீருக்கும் காத்திருக்கிறார் என்பது இன்னொன்று. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கும் என்று தர்க்கம் பேசினால் பண்டிதர்கள் நீண்ட பதில் வைத்திருக்கிறார்கள். செய்கிறவர்கள் அந்தக் கேள்விக்குள் போவதில்லை. தர்ப்பணத்தில் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று தலைமுறையின் பெயர் சொல்லி, கறுப்பு எள் கலந்த தண்ணீரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வழியவிடவேண்டும். விரல் நுனி வழியாக விடுவது தேவர்களுக்கு உரியது, இங்கே அப்படி விடக்கூடாது. அப்பா உயிரோடு இருப்பவர் தர்ப்பணம் செய்வதில்லை. வேலை முடியும்வரை வாசலில் கோலம் போடுவதும் இல்லை. வாத்தியார் வைத்துச் செய்யாத வீடுகளில் வாழைக்காய், பாகற்காய், பூசணி என்று நாட்டுக்காய் சமைத்து இலையில் படைத்து, காக்கைக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பாடு. முட்டைக்கோஸ், கேரட் அன்றைக்கு அடுப்பேறாது.

ஆடி 18-க்கு ஜனம் மேட்டூருக்கும் கல்வடங்கத்துக்கும் பூலாம்பட்டிக்கும் போகும். ஊர்ச் சாமிகளின் வேல், சூலம், அரிவாள் எல்லாம் மேளத்தோடு வந்து காவிரியில் குளிக்கும். சாமிக்கு வருஷத்துக்கு ஒருமுறை ஆற்றுக்குளியல். பெண்கள் தாலிச் சரடு மாற்றுவார்கள், காதோலை கருகமணியும் சித்ரான்னமும் ஆற்றுக்குப் படைப்பார்கள். அணையில் தண்ணீர் அதிகம் திறந்துவிட்டிருந்தால் படித்துறையைத் தாண்டி இறங்காதீர்கள். காவிரி அம்மன்தான், இழுப்பும் அவளுடையதுதான்.

காவிரிக்கு மலைமேலும் ஓர் இடம் உண்டு. ஏற்காட்டில் 5,300 அடிக்கு மேலே சேர்வராயன் குகைக்கோயில். சேர்வராயனும் காவிரியம்மனும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். அந்தக் குகை காவிரிவரை போகிறது என்று நம்புகிறார்கள். கோடையில் நடக்கும் திருவிழாவுக்குச் சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து மலையாளி மக்கள் திரண்டு வருவார்கள். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று எண்ணவேண்டாம், இவர்கள் தமிழ் பேசும் மலைவாசிகள், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. உள்ளே கூரை தாழ்வு, குனிந்துதான் போகவேண்டும், தரையும் ஈரம். வயசானவர்களை முன்னால் விட்டுப் பின்னால் நடங்கள்.

இனி மாரியம்மன். சேலத்து ஆடி என்றாலே அவள்தான். திருமணிமுத்தாற்றங்கரையில் இருக்கும் கோட்டை மாரியம்மன் எட்டுப் பேட்டை மாரியம்மன்களுக்கும் தலைமை. பூச்சாட்டி விழா தொடங்கும், அப்புறம் கம்பம் நடுவார்கள், சக்தி அழைப்பு, சக்தி கரகம், பொங்கல் என்று ஏறிக்கொண்டே போகும். பொங்கல் வைக்கும் புதன்கிழமை மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. குகை பகுதியில் வண்டி வேடிக்கை. சிவன், காளி, முருகன், கிருஷ்ணன் என்று வேஷம் கட்டியவர்கள் ஜோடித்த வண்டிகளில் ஊர்வலம் வருவதைப் பார்க்கத் தெருவில் நிற்க இடம் இருக்காது.

சேலத்துச் சிவன் கோயிலான சுகவனேசுவரர் கோயிலில் பூஜை ஆகமப்படி. முறை, காலம், மந்திரம் எல்லாம் வகுத்து வைத்தது. அருணகிரிநாதர் அங்குள்ள முருகனைத் திருப்புகழில் பாடியிருக்கிறார். மாரியம்மனிடம் வேறு கணக்கு. இங்கே ஊரும் சாமியும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். நீ இதைக் கொடு, நான் இதைச் செய்கிறேன் என்பதுதான் வேண்டுதல். செய்து முடிப்பது நேர்த்திக்கடன். உடனே செய்ய முடியாவிட்டால் மஞ்சள் துணியில் காணிக்கைக் காசு முடிந்து பூஜையறையில் வைப்பார்கள், கடன் இருக்கிறது என்பதற்கு அடையாளம். கடனைத் தீர்க்கும்போது முடிச்சை அவிழ்த்து உண்டியலில் போட்டுவிடவேண்டும். பல வீடுகளில் அந்த முடிச்சு எதற்கென்றே மறந்துபோய்ப் படத்துக்குப் பின்னால் கிடக்கும். துணியோடு ஒரு துண்டுக் காகிதத்தில் வேண்டுதலையும் எழுதி முடிந்துவிடுங்கள். பேரப்பிள்ளை காலத்தில் குழப்பம் வராது.

கோட்டை மாரியம்மனுக்கு உருளுதண்டம் போடுகிறவர்கள் ஈரத்துணியோடு பிரகாரத்தைச் சுற்றி உருள்வார்கள். கூட ஓர் ஆள் நடக்கவேண்டும். தலைசுற்றல் வந்தால் நிறுத்தவும், துணி விலகினால் சரிசெய்யவும். வெறும் வயிறு நல்லது, ஆனால் சர்க்கரை நோய் மாத்திரை போடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு உருண்டால் மயக்கம் வரக்கூடும். உடம்பில் எந்த உறுப்புக்கு நோவோ அந்த உருவத்தை வெள்ளித் தகட்டில் வாங்கிப் போடுவதும் உண்டு. கண்மலர், கை, கால். கொலுசுக்குப் பேர்போன ஊரில் தகட்டுக்குப் பஞ்சமில்லை. உப்பும் மிளகும் கொட்டுவது தோல் நோவுக்கு.

மாவிளக்குக்கு அளவு சரியாகச் சொல்லவேண்டும், இதில்தான் நிறையப் பேருக்குக் கோளாறாகிறது. பச்சரிசி அரை கிலோ, வெல்லம் 350 கிராம், ஏலக்காய் நான்கு, நெய் மாவுக்கு இரண்டு கரண்டி, விளக்குக்குத் தனி. அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, வேட்டித் துணியில் நிழலில் இருபது நிமிஷம் பரப்புங்கள். கையில் அள்ளினால் ஒட்டக்கூடாது, ஆனால் ஜில்லென்று இருக்கவேண்டும். அந்த ஈரத்தோடு இடித்தோ மிக்சியில் அடித்தோ சலிக்கவேண்டும். வெல்லத்தைப் பாகு காய்ச்சாதீர்கள். பொடித்து, மாவின் ஈரத்திலேயே பிசைந்தால் இளகி ஒன்றுசேரும். கடை மாவு வாங்கினால் ஈரமே இருக்காது, உருட்டினால் உதிரும், விளக்கு ஏற்றினதும் விரிசல் வழியாக நெய் ஒழுகும். அப்போது இளநீரை ஒவ்வொரு கரண்டியாகத் தெளித்துப் பிசையலாம். அதிகமாகிவிட்டால் விளக்கு உட்கார்ந்துவிடும். நடுவில் கட்டைவிரலால் குழி, தடித்த பஞ்சுத்திரி, நெய். நெய் தீர்ந்து விளக்கு மலையேறும்வரை ஊதி அணைக்கக்கூடாது. வயிற்று நோவுக்கு வேண்டிக்கொண்டவர்கள் படுத்துக்கொண்டு வயிற்றின்மேல் வைத்து ஏற்றுவார்கள். அடியில் ஈரத்துணியும் அதன்மேல் வாழையிலையும் அவசியம். வேகாத மாவு என்பதால் மறுநாளே புளித்துவிடும், அன்றைக்கே பங்கு போட்டுவிடுங்கள்.

கூழுக்கு ஒரு பங்கு கேழ்வரகு மாவை இரண்டு பங்கு தண்ணீரில் கரைத்து முதல் நாள் இரவே புளிக்கவிடுங்கள். கால் பங்கு நொய்யை ஆறு பங்கு தண்ணீரில் குழைய வேகவைத்து, கரைசலை ஊற்றித் துடுப்பால் விடாமல் கிண்டினால் கட்டி தட்டாது. ஈரக்கையால் தொட்டுப் பார்த்தால் ஒட்டக்கூடாது. மோர், உப்பு, சின்ன வெங்காயம் போட்டுக் கரைத்தால் ஊருக்கே ஆகும். வெந்த சூட்டிலேயே மோர் ஊற்றினால் திரிந்துவிடும், ஆறட்டும்.

அம்மையைப் பற்றிப் பேசாமல் மாரியம்மனைப் பேச முடியாது. வீட்டில் யாருக்காவது போட்டால் "அம்மா வந்திருக்கா" என்பார்கள், வாசலில் வேப்பிலை ஏறும். தாளிப்பு கிடையாது, கறி மீன் கிடையாது, மற்ற வீடுகளுக்குப் போக்குவரத்து கிடையாது. பெரியம்மை இந்தியாவில் 1975-ல் கடைசியாக வந்தது, அதோடு ஒழிந்தது. இப்போது வருவது சின்னம்மை. கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை அது பரவும், அதனால் மஞ்சள் வேப்பிலைத் தண்ணீர் ஊற்றும்வரை ஒதுங்கியிருக்கிற பழைய கட்டுப்பாடு இன்றைக்கும் உதவும். மருந்து கொடுத்தால் அம்மன் கோபிப்பாள் என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். பெரியவர்களுக்குப் போட்டால் முதல் நாளே டாக்டரிடம் காட்டினால்தான் மாத்திரை நன்றாக வேலை செய்யும். கர்ப்பிணியோ பச்சைக்குழந்தையோ இருக்கும் வீட்டில் ஒருநாள்கூடத் தாமதிக்கக்கூடாது. வேப்பிலை வாசலிலேயே இருக்கட்டும், ஆஸ்பத்திரிக்கும் போய்வாருங்கள்.

கடைசியாகக் காப்பும் கம்பமும். மஞ்சள் துண்டை மஞ்சள் நூலில் முடிந்து மணிக்கட்டில் கட்டுவது காப்பு. ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது. கட்டினவர் அவிழ்க்கும்வரை கறி, மது, தாம்பத்தியம் மூன்றும் விலக்கு. சாவு வீட்டுக்குப் போகக்கூடாது. விழா நாட்களில் பங்காளி வீட்டில் சாவு விழுந்து தீட்டு வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் நிறைய. பூசாரியிடம் சொல்லிவிட்டால் கோயில் வழக்கப்படி அவரே வழி சொல்வார். மறைத்துவிட்டுக் கரகம் தூக்குவதைத்தான் ஊர் பொறுக்காது.

கம்பம் மூன்று கிளை பிரிந்த மரத்தண்டு, பெரும்பாலும் வேம்பு போன்ற மரங்களில் வெட்டியது. அம்மனின் புருஷனாக அதை நினைப்பார்கள். நட்ட நாளிலிருந்து விடியற்காலையில் பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் கொண்டுவந்து ஊற்றுவார்கள். குழி ஆழமாக இல்லாவிட்டால் இத்தனை தண்ணீரில் மண் இளகிக் கம்பம் சாயும், ஊர் அதை அபசகுனம் என்று பேசும். நடும்போதே கல் போட்டுக் கெட்டித்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கம்பம் நின்றபிறகு உள்ளூர்க்காரர் வெளியூரில் இரவு தங்குவதில்லை என்பது பழைய கட்டு. ஐடி வேலையில் பெங்களூரில் இருக்கும் பையன்களுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கேட்டால், வீட்டுக்கு ஒருவர் காப்புக் கட்டினால் போதும் என்று இப்போது தளர்த்திக்கொண்டிருக்கிறார்கள்.

விழா முடிந்து கம்பத்தைப் பிடுங்கித் தண்ணீரில் விடுவார்கள். மஞ்சள் நீராட்டு. அன்றைக்கே காப்பை அவிழ்க்கலாம். அவிழ்த்த நூலைச் சாக்கடையில் போடாமல் செடி மரத்தடியிலோ கிணற்றிலோ போடுங்கள், நைலான் நூலாக இருந்தால் மரத்தடியோடு சரி. அடுத்த வருஷம் கட்டுவதற்குப் பருத்தி நூலாகவே பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.